கோட்டின் முதுகுப் பிடி

கோட்டு விற்க வாய் மட்டும் போதாது, கையும் வேண்டும் என்பான் தம்பி. அந்தக் கை என்ன செய்யும் என்று கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கை செய்ததற்கெல்லாம் பதில் சொன்னது அவளுடைய ஊசிதான்.

தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும் உள்ள துணிக்கடை அது. இரண்டாவது மாடியில் ஆண்கள் உடுப்பு. மூன்றாவது மாடியில் ஒரு பக்கம் குடோன், மறுபக்கம் மேனேஜர் அறை. இரண்டுக்கும் இடையே, ஒற்றை ஜன்னல் வைத்த நீளமான அறை ஒன்று இருந்தது. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, கத்தரித்த துண்டுகள் போட ஒரு அட்டைப்பெட்டி. அக்கா அங்கே உட்கார்ந்துதான் பேண்ட்டுக்குக் கால் மடித்தாள், கோட்டுக்கு இடுப்புப் பிடித்தாள், தலையும் நரைத்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணம் என்று ஒன்று வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அப்பா போனபின் தம்பியை வளர்த்ததும், கடையில் சேர்த்துவிட்டதும், அவனுக்குக் குடும்பம் ஆனபின் அவன் வீட்டின் முன்னறையிலேயே பாயை விரித்துக்கொண்டதும் அவள் கதை.

தம்பியைக் கடையில் எல்லாரும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்கள். கோட்டை மாட்டிவிட்டு யாரைப் பார்த்தாலும், "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க சார்" என்பான். பேரன் எடுத்தவரிடமும் அதையே சொல்வான். ஒரு முறை பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஒருவரிடம் சொல்ல, அவர் மனைவி, "ஒரு தடவை மாப்பிள்ளையா பார்த்ததே எனக்குப் போதும்பா" என்றார். மாடியே சிரித்தது. அந்தக் கோட்டும் விற்றது.

அவன் வேலை செய்யும் விதம் இதுதான். வாங்க வந்தவர் கண்ணாடி முன் நிற்பார். இவன் பின்னால் போய் நிற்பான். தோளில் தூசி தட்டுவான், காலரை நீவுவான், அப்படியே இடது கையை இறக்கி, முதுகுக்குக் கீழே தொளதொளவென்று நிற்கும் துணியைக் கொத்தாக ஒரு பிடி பிடிப்பான். அவ்வளவுதான். முன்பக்கம் கோட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தொப்பை அடங்கும், மார்பு எழும்பும். கண்ணாடியில் நிற்பவர் தன்னை அறியாமல் முகவாயைக் கொஞ்சம் தூக்குவார். அந்த முகவாய் எழும்பினால் பில் போட்ட மாதிரி.

இது ஏமாற்று வேலைதானே என்று கேட்கிறவர்கள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்திருக்க வேண்டும். பிடித்த பிடியை விடாமல், வலது கையால் முதுகில் சாக்கட்டிக் கோடு இரண்டு போட்டுவிடுவான். கோட்டு மாடி ஏறும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதை அக்கா ஒரு நூல் பிசகாமல் உள்ளே தள்ளித் தைப்பாள். மறுநாள் அவர் வந்து வாங்கிக்கொண்டு போனால், கடைக் கண்ணாடியில் பார்த்ததுதான் வீட்டுக் கண்ணாடியிலும் தெரியும். அதற்கு மேல் என்ன நேர்மை வேண்டும்?

தபால்காரர் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கோட்டு. வாழ்நாள் முழுக்கப் பை மாட்டியே இடது தோள் இறங்கிப்போயிருந்தது. தம்பி படிகளைத் தாவி ஏறி வந்தான்.

"அக்கா, இடது பக்கம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை."

"ஏன்டா சொல்லலை? சொன்னாத்தானே அளவு எடுக்க முடியும்?"

"நான் எடுத்துட்டேன். சொன்னா மனுஷன் சுருங்கிப் போயிடுவார். நீ பஞ்சு வை."

அக்கா பஞ்சை மூன்று மடிப்பாக்கி, ஓரங்களைப் பிய்த்து மெலிதாக்கி, இடது தோளுக்குள் வைத்துத் தைத்தாள். வாங்க வந்த அன்று அவளும் கீழே இறங்கி, சட்டைகள் தொங்கும் வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தபால்காரர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"நான் இவ்வளவு நேராவா நிக்கிறேன்?"

"நீங்க எப்பவும் நேராத்தான் சார் நின்னீங்க. உங்க பழைய சட்டைதான் கோணல்" என்றான் தம்பி.

அக்கா அன்று மாடி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை.

நல்ல நாள் அப்படி என்றால், கெட்ட நாளும் இருந்தது. மழை விடாமல் பெய்யும் மாதங்களில் இரண்டாவது மாடிக்கு ஈ கூட ஏறாது. ஆள் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. மேலே கேமரா. மடித்த சட்டையையே உதறித் திரும்ப மடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படியும் ஒருவர் வந்தால், அலமாரியில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொல்லி, மேசையில் மலைபோல் குவித்து, கடைசியில் கைபேசியைக் காட்டி, "இதே இங்க விலை கம்மியா கிடைக்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார். "நமக்குச் சம்பளம் துணி விக்க இல்லைடா, மடிக்க" என்பான் தம்பி, பக்கத்தில் நிற்பவனிடம். சாயங்காலம் வீட்டில் காலை நீட்டினால் முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அவன் மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள். மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

முதலாளி கடையை வேறு ஒரு கம்பெனிக்குக் கைமாற்றினார். புது மேனேஜர் வந்தார். வயதில் தம்பியைவிட இளையவர், குரல் உயர்த்தாதவர், கணக்கில் கெட்டி. ஒரு வாரம் சுற்றிப் பார்த்தார். பிறகு மூன்றாவது மாடிக்கு வந்து அக்காவின் எதிரில் நின்றார்.

"இப்ப எல்லாமே ரெடிமேட் ஃபிட்டிங்கா வருதுக்கா. மாத்தணும்னா வெளியில ஆயிரம் டெய்லர் இருக்காங்க. இந்த ரூமைப் பார்சல் கட்ட எடுத்துக்கறோம். உங்க வேலையில குறை ஒண்ணும் இல்லை."

"குறை இல்லைன்னா ஏன் சார் போகச் சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள். அவள் மூக்குக்கண்ணாடியை உறையில் போட்டாள், சொந்தக் கத்தரியை மட்டும் எடுத்துக்கொண்டாள். தம்பியின் வேலை தப்பியது. இனிமேல் வீட்டில் வரும் சம்பளம் அது ஒன்றுதான்.

அக்கா போனாள். தம்பியின் இடது கை அதை அறியவில்லை.

யாரோ ஒரு இளைஞன், வேலைக்கான நேர்காணல் என்று கோட்டு வாங்க வந்தான். தம்பி பின்னால் போனான், தூசி தட்டினான், காலரை நீவினான், பிடித்தான். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க." பில் போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தும் ஆயிற்று. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவன் வாசலில் நின்றான்.

"இங்க பார்த்தப்போ கச்சிதமா இருந்துச்சு. வீட்டுல போட்டா சாக்கு மூட்டையைக் கவுத்த மாதிரி இருக்கு. கண்ணாடியில ஏதாவது வித்தை வச்சிருக்கீங்களா?"

மேனேஜர் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் வித்தை இல்லை, பின்னால் ஒரு முஷ்டி இருந்தது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பழக்கம் சார். கை தானாப் போயிடுது."

"கையை உங்ககிட்ட வச்சுக்கோங்க. இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா நான் மேலே எழுதியாகணும். எழுதினா வேலை போயிடும், என் கையில இல்லை."

அதன்பின் தம்பி இரு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்று வியாபாரம் பார்த்தான். இழவு வீட்டில் நிற்பதுபோல் இருந்தது. கோட்டு மாட்டியவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், பக்கவாட்டில் திரும்பினார்கள், கழற்றிக் கொடுத்தார்கள். யாருடைய முகவாயும் எழும்பவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். விற்பனை பாதியாகிவிட்டது, ஏன் என்று கேட்டார். பிடித்தாலும் குற்றம், பிடிக்காவிட்டாலும் குற்றம். இருதலைக்கொள்ளி எறும்பு என்பது அவன்தான்.

வீட்டில் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தவனைப் பார்த்து அக்கா சொன்னாள்:

"நீ பிடிடா. பிடிச்சு, கோடு போட்டு, கோட்டை இங்க கொண்டு வா. நான் எங்கேயும் போயிடலையே, வீட்டு மெஷினும் சும்மாத்தானே கிடக்கு."

"வித்த சரக்கை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது அக்கா. வாசல்ல பையைச் சோதிப்பாங்க."

"திருடிக்கிட்டா வர்ற? பில்லு போட்டதுதானே? இஸ்திரி போட்டு நாளைக்குத் தர்றேன்னு அவங்ககிட்ட சொல்லு."

"அண்ணி, வேணாம்" என்றாள் தம்பி மனைவி. "கையில இருக்கறதும் போயிடப் போகுது."

"ஏற்கெனவே போயிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள் அக்கா.

வாசல் காவலாளி பழைய ஆள். பில்லைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், பிறகு தெருவைப் பார்ப்பார். இப்படியாகக் கோட்டுகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலையில் கடைக்குப் போயின. விற்பனை ஏறியது. மேனேஜர் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்காவுக்கு வேலை போன நாளிலிருந்து வராத தூக்கம் வந்தது.

ஒன்றே ஒன்றில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை.

"அக்கா, வெளி டெய்லர் தைக்கிற மாதிரி சுமாரா மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டு போதும். ஏன் இப்படி உசிரை விடுற?"

"சுமாரா தைக்கறதுக்கு எனக்கு வராது."

அது உண்மை. வெளியில் உள்ளவர்கள் கோட்டின் கீழ் விளிம்பைப் பிரித்து, உள்ளே கைவிட்டு, தைத்து, விளிம்பை மெஷினில் மூடிவிடுவார்கள். மூடிய கோடு பளிச்சென்று தெரியும். அக்கா விளிம்பைத் தொடவே மாட்டாள். கோட்டின் இடது கையில் உள்துணியான லைனிங்கை, அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சாண் பிரித்து, அந்த வழியாகக் கோட்டு முழுவதையும் உள்வெளியாக இழுத்துப் போடுவாள். முதுகைப் பிடித்துத் தைத்தபின் மறுபடி அதே வழியாகத் திருப்பி, பிரித்த ஒரு சாணை ஊசியால் கண்ணுக்குத் தெரியாமல் மூடுவாள். கம்பெனியில் தைத்ததா, கையில் தைத்ததா என்று அந்தக் கோட்டுக்கே தெரியாது. வாங்கியவருக்கு எங்கே தெரியப் போகிறது?

வாங்கியவருக்குத் தெரியாததுதான் வினையானது.

நிச்சயதார்த்தத்துக்கு என்று சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை வாங்கிப் போனவர், நிச்சயம் முறிந்துபோய் அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். போடவே இல்லை, விலைச்சீட்டுகூட அறுக்கவில்லை. தம்பிக்கு அன்று விடுமுறை. கோட்டு பழையபடி வரிசைக்குப் போனது. இரண்டு நாள் கழித்து, பக்கத்துப் பிரிவுப் பையன் ஒரு தடித்த ஆளுக்கு அதை மாட்டினான். அவருடைய அளவுதான், ஆனாலும் பொத்தான் எட்டவில்லை. அதே அளவில் இன்னொன்றை எடுத்து மேலே வைத்துப் பார்த்தால், இது மூன்று விரல் குறைவு.

திருப்பித் தந்தவரைப் போனில் பிடித்தார்கள். "தையல்காரன் வாசப்படியையே நான் மிதிச்சதில்லை. எனக்கு இருக்கற கஷ்டத்துல இது வேறயா?" என்று அவர் கத்தியது பக்கத்தில் நின்ற தம்பிக்கும் கேட்டது.

"அவர் பொய் சொல்றார் சார்" என்றான் தம்பி.

மேனேஜர் யோசித்தார். நல்ல மனிதர்தான். நன்றாக விற்கிறவனைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. கோட்டை எப்படியாவது பழைய அளவுக்குக் கொண்டு வந்துவிட்டால் விஷயம் அத்தோடு போயிற்று.

"உங்க அக்காவை ஒரு நடை வரச் சொல்லுங்க மாப்பிள்ளை. எவனோ கை வச்சிருக்கான், எங்க பிரிக்கறதுன்னே எனக்குப் புரியலை. அவங்க பிரிச்சுக் குடுத்துட்டா கோட்டு தெச்ச கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாம்."

தம்பி படிக்கட்டு மூலையில் நின்று போன் செய்தான். குரல் பாதிதான் வந்தது.

"அக்கா, நம்ம சாம்பல் கோட்டு திரும்பி வந்திருக்கு. உன்னைப் பிரிக்கக் கூப்பிடறார். நீ முன்னப் பின்னே பார்த்ததே இல்லை, சரியா? யாரோ தெச்சதுன்னு சொல்லு. மோசமா தெச்சிருக்கான்னு சொல்லு."

"சரிடா. அது எனக்குத் தெரியாதா?"

வழியெல்லாம் அவள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரோ தைத்தது. மோசமாகத் தைத்தது.

அவளுடைய பழைய அறையில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை இருந்தன. மெஷின்கள் இல்லை. மேனேஜர் தம் அறையிலேயே நாற்காலி போட்டு, மேசைமேல் இருந்த காகிதங்களை ஒதுக்கி, கோட்டை விரித்துவைத்தார். விளக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டார். தம்பி கதவோரம் நின்றான்.

"பாருங்கக்கா. யார் வேலை இது?"

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகுத் தையலைத் தடவினாள். நேராக, வழுவழுவென்று இருந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"யாரோ அரைகுறை தெச்சிருக்கான் சார்" என்றாள். "பதமே இல்லை."

தம்பி மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"பிரிச்சுடலாமா? துணி கெடாதே?"

"கெடாது. இதோ, நொடியில."

அவள் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். கோட்டைப் புரட்டினாள். கீழ் விளிம்பைப் பார்க்கவில்லை, பக்கவாட்டைத் தடவவில்லை. இடது கைக்குள் தன் கையை முழங்கைவரை விட்டு, லைனிங்கைப் பிதுக்கி வெளியே இழுத்து, அக்குளுக்குக் கீழே ஓர் இடத்தில் நகத்தை வைத்தாள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. ஊசி நுனியால் ஒரு நெம்பு நெம்பினாள். ஒளிந்திருந்த முடிச்சு மேலே வந்தது. இழுத்ததும் ஒரு சாண் தையல் சரசரவென்று வாயைப் பிளந்தது.

அவள் கையைத் திறப்புக்குள் விட்டு முதுகுத் துணியைப் பாதிவரை வெளியே எடுத்தாள். முதுகுத் தையலிலும் நாலு விரல் பிரித்துவிட்டாள். பிறகுதான் மேனேஜர் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

மேனேஜர் மெதுவாகக் கேட்டார்: "நான் காலையிலேர்ந்து இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கீழே பிரிக்கறதா, பக்கத்துல பிரிக்கறதான்னு தெரியலை. நீங்க நேரா கைக்குள்ள போனீங்க."

"அது... கோட்டுன்னா அங்கதான்..."

"எல்லாரும் அங்கேயா பிரிப்பாங்க?"

இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். தம்பி கதவோரத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"அவங்களை விட்டுடுங்க சார். நான்தான் கொண்டு போனேன். இது மட்டும் இல்லை, எல்லாமே."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். திட்டியிருந்தால் தேவலை. "கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஏதாவது வழி பார்த்திருப்பேன் மாப்பிள்ளை. ஒண்ணுமே பண்ணாத அந்த மனுஷனைப் பொய் சொல்றார்னு சொல்லிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். பிறகு அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

அவர்கள் வேலையாட்களுக்கான பின்படியில் இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், வழி தவறி வந்த ஒரு பெரியவர் தம்பியை நிறுத்தி, கோட்டு எங்கே இருக்கும் என்று கேட்டார். "இந்தக் கதவைத் தள்ளினா வலது பக்கம் சார். கண்ணாடிக்குப் பக்கத்துல நில்லுங்க, ஆள் வருவாங்க" என்றான். வாசலில் காவலாளி அவர்களைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். அவர் பெயரை இதில் சேர்க்காமல் இருக்கத் தம்பி மேனேஜரிடம் தனியாகக் கெஞ்சியிருந்தான். அது பலித்ததா என்பது யாருக்கும் தெரியாது.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிழற்கூரையின் கீழ் உட்கார இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"நான் வராம இருந்திருக்கணும்" என்றாள் அக்கா. "காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"இல்லைன்னா நீ சொன்ன மாதிரி சுமாரா தெச்சிருக்கணும்."

பேருந்து ஒன்று வந்தது. அவர்களுடையது இல்லை. அது போனபின் அவன் கேட்டான்:

"முழுசாப் பிரிச்சுட்டியா?"

"இல்லைடா. பாதிதான்."

"லைனிங்?"

"அப்படியே தொங்குது."

"இனி அதை யாரும் மூட மாட்டாங்க" என்றான். "கழிவுத் துணியோட போட்டுடுவாங்க."

"நல்ல துணிடா அது."

"நல்ல துணிதான் அக்கா."

வீட்டில் தம்பி மனைவி இந்நேரம் எண்ணெயைச் சூடாக்கி வைத்திருப்பாள். அவளிடம் யார் சொல்வது என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பேருந்தும் வந்தது. கூட்டமே இல்லை, ஏறியிருக்கலாம். அக்கா ஏறவில்லை. அவள் ஏறாததைப் பார்த்துத் தம்பியும் ஏறவில்லை.